வளர விடாத மருந்து

ஆடி 2, வியாழன்

நித்திலா பள்ளிக்கூடம் விட்டு வந்து பையைக்கூடக் கழற்றவில்லை, இழுப்பு வந்துவிட்டது. நெஞ்சுக்குள்ளே ஒரு பூனைக்குட்டி படுத்துக்கொண்டு கத்துகிற மாதிரிச் சத்தம். இன்ஹேலரை வாயில் வைத்து அமுக்கி, முதுகைத் தடவிவிட்டேன். கண் இரண்டும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தன. பிறகு பைய அடங்கியது. அடங்கின கையோடு, "ஆச்சி, பேச்சுப்போட்டியில நான்தான் பஸ்ட்டு" என்றாள். மூச்சு வாங்கிக்கொண்டே எப்படி நின்று பேசினாளோ, முதல் பரிசு. நான்காம் வகுப்புக்குப் பாளையங்கோட்டைக்கு வந்து இரண்டு மாதம் ஆகவில்லை, அதற்குள் டீச்சர்மார் எல்லோருக்கும் இவள் பேர் தெரிகிறது. எங்கள் வீட்டு ரத்தம்.

அவள் அம்மா உமாசெல்வி மதுரையில் நர்ஸ், சனிக்கிழமைதோறும் வருவாள். என் மகன் மஸ்கட்டில். ஆகவே பிள்ளைக்கு நான், எனக்குப் பிள்ளை.

பொழுது அடைந்த பிறகு உமா போன் போட்டாள். டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்ததில் தெரிந்துவிட்டதாம். தூசி இல்லை, பூ மகரந்தம் இல்லை. கரப்பான்பூச்சியாம். அதன் எச்சமும் உரித்துப் போடுகிற தோலும் பொடிப்பொடியாகிக் காற்றில் கலந்து பிள்ளை நெஞ்சில் போய் உட்காருகிறதாம்.

சாணியை அள்ளி என் முகத்தில் எறிந்த மாதிரி இருந்தது. இந்தத் தெருவில் யாரை வேண்டுமானாலும் கேட்கட்டும், ஆவுடையம்மாள் வீட்டுத் தரையில் சோற்றைப் போட்டுப் பிசைந்து சாப்பிடலாம் என்பார்கள். பக்கத்து வீட்டு சொர்ணத்தம்மாளின் சாக்கடையிலிருந்து வருகிறதாக்கும் என்றேன்.

"எங்க இருந்து வந்தாலும் வரட்டும் அத்தை. தீபாவளிக்குள்ள ஒழியணும். இல்லன்னா பிள்ளைய எங்கம்மாகிட்ட கோவில்பட்டிக்குக் கொண்டு போயிருவேன். அங்கயே பள்ளிக்கூடம் மாத்திருவேன்" என்றாள்.

சண்டைக்குச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் நோயாளியிடம் பேசுகிற குரலில் சொன்னாள். அதுதான் பயமாக இருந்தது.

ஆடி 3, வெள்ளி

கடையில் ஸ்ப்ரே வாங்கி அடித்தேன். மல்லாந்து செத்துக் கிடந்ததை முறத்தில் அள்ளினேன். அந்த நெடியிலேயே பிள்ளைக்கு இழுப்பு வந்துவிட்டது. டப்பாவைக் கொண்டுபோய்த் தெருமுனைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்தேன்.

ஆடி 11, சனி

உமா ஒருத்தியை ஏற்பாடு செய்து வரவழைத்திருந்தாள். ஜெபராணி என்று பேர். ஸ்கூட்டியில் வந்தாள், வாய் ஓயவில்லை. பூச்சி ஒழிக்க வந்தவள், அடுக்களைச் சுவரில் பல்லியைக் கண்டு என் பின்னால் வந்து ஒளிந்துகொண்டாள்.

"பூச்சி மருந்துக்காரி பல்லிக்குப் பயப்படலாமாட்டி" என்றேன்.

"பல்லி பூச்சியில்ல ஆச்சி. அது வேற இலாகா."

ஊசிக்குழல் மாதிரி ஒன்றை வைத்துக்கொண்டு அலமாரி இடுக்கு, அடுப்புமேடைக்குக் கீழே, பிரிட்ஜ் பின்பக்கம் எல்லாம் பொட்டுப் பொட்டாக ஒரு பசையை வைத்தாள். வாசனையே கிடையாது. இது பிள்ளைக்கு ஒன்றும் செய்யாது என்று உமா பாட்டிலை வாங்கி இரண்டு தரம் படித்துப் பார்த்துவிட்டுத்தான் விட்டாள்.

"இது தின்னதும் செத்துருமா?" என்று கேட்டேன்.

"சாகாது ஆச்சி. இது கொல்லுத மருந்தில்ல. வளர விடாத மருந்து."

"அப்படின்னா?"

"கரப்பான் குஞ்சு சட்டைய உரிச்சு உரிச்சுத்தான் பெரிசாகும். கடைசிச் சட்டைய உரிச்சாத்தான் றெக்கை வரும், குடும்பம் நடத்தும், முட்டை போடும். எப்ப உரிக்கணும், எப்ப பெரியாளாகணும்னு அது உடம்புக்குள்ள ஒரு ரசம் சொல்லும். இந்த மருந்து அந்த ரசம் மாதிரி வேஷம் போட்டு, நீ இன்னும் சின்னப்பிள்ளைதான், சின்னப்பிள்ளைதான்னு சொல்லிக்கிட்டே இருக்கும். அது நம்பிரும். உருவம் மட்டும் பெருக்கும், றெக்கை சுருண்டு போவும், குஞ்சு பொரிக்காது. இருக்குத கெழடு அதுபாட்டுக்கு ஆயுசு முடிஞ்சு போவும். வம்சம் நின்னுரும்."

"எத்தனை நாள்ல?"

"மாசக்கணக்காவும். பொறுமை வேணும். நடுவுல ஸ்ப்ரே அடிக்கக் கூடாது, இந்தப் பொட்டைத் தொடைக்கக் கூடாது. முக்கியமா அதுகளுக்கு வேற தீனி அகப்படக் கூடாது. பசிச்சாத்தான் இதைத் தின்னும்."

என் வீட்டில் தீனி எங்கே சிந்திக் கிடக்கிறது என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே கடைசி அறைப் பக்கம் போனாள். அதன் நாதாங்கியில் கை வைத்தாள். அந்த அறைக்கு வேண்டாம், அங்கே யாரும் புழங்குவதில்லை, அவர்களுடைய சாமான் இருக்கிறது என்றேன். உமா என்னைப் பார்த்தாள்.

ஆடி 12, ஞாயிறு

வளர விடாத மருந்து. காலையிலிருந்து இந்தப் பேச்சே மனசில் சுற்றுகிறது. நீ இன்னும் சின்னப்பிள்ளைதான் என்று காதுக்குள்ளே ஒருத்தர் சொல்லிக்கொண்டே இருந்தால் யாருக்குத்தான் நம்பத் தோன்றாது.

கடைசி அறையைப் பற்றி எழுதுகிறேன். அவர்கள், அதாவது நித்திலாவின் தாத்தா, படுத்திருந்த அறை. கட்டில், டிரங்குப் பெட்டி, சுவரில் படம். கூரையில் ஒரே ஒரு கண்ணாடி ஓடு. அதன் வழியாக ஒரு வட்டமான வெயில் இறங்கி, காலையில் பெட்டிமேல் இருக்கும், உச்சியில் கட்டிலுக்கு வரும், பிறகு சுவரேறிப் படத்துக்குப் பக்கத்தில் போய்க் கரைந்துவிடும். மத்தியானத்தில் அங்கே உட்கார்ந்தால் கண் சொக்கும். வெயிலுக்குள் தூசி மிதப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். தூசி என்று எழுதக்கூடாது, பொன் மாதிரி இருக்கும்.

அவர்கள் போய் மூன்று வருஷமாகிறது. அன்றிலிருந்து படுக்கப் போகும்போது படத்துக்கு முன்னால் ஒரு பித்தளைத் தட்டில் ஒரு துண்டு கருப்பட்டி வைப்பேன். இதில் யாருக்கும் ஒரு தொந்தரவும் இல்லை. முன்னெல்லாம் காலையில் பார்த்தால் ஓரத்தில் கொஞ்சம் சுரண்டினாற்போல இருக்கும், மற்றபடி வைத்தது வைத்தபடி கிடக்கும். எனக்கு வருத்தமாக இருக்கும். பிள்ளை இந்த வீட்டுக்கு வந்த கொஞ்ச நாளிலிருந்து அப்படி இல்லை. தட்டு தினமும் துடைத்து வைத்த மாதிரிக் காலி.

பேத்தி வந்த சந்தோஷத்தில் வருகிறார்கள். இதை உமாவிடம் சொல்ல முடியாது. அவள் ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்பாள்.

ஆடி 19, ஞாயிறு. ஆடி அமாவாசை

விடியுமுன் எழுந்து குளித்துவிட்டு அறையைத் திறந்தேன். தட்டுக்குப் பக்கத்தில் அதைப் பார்த்தேன். கரப்பான் உருவம்தான், ஆனால் வெள்ளை. பால் வெள்ளை. மேலெல்லாம் ஈரம் மாதிரி ஒரு மினுமினுப்பு. உள்ளே இருப்பது தெரிகிற மாதிரி மெல்லிசு. என்னைக் கண்டு ஓடவில்லை. படத்தைப் பார்த்தபடி அப்படியே நின்றது.

அவர்களுக்கு அரிசி மண்டியில் கணக்கு வேலை. உமி படியும், தவிடு படியும், ஆனால் ஒரு நாள்கூட வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை தவிர வேறு உடுத்திப் பார்த்ததில்லை.

கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுக் கதவைச் சாத்தினேன். யாரிடமும் சொல்லவில்லை.

ஆடி 24, வெள்ளி

வீடு கழுவினேன். மருந்துப் பொட்டுகளை மட்டும் விட்டு, அதைச் சுற்றிச் சுற்றித் துடைத்தேன். அடுக்களை பொட்டு வைத்த முகம் மாதிரி இருக்கிறது. கரப்பான் எதுவும் குறைந்த மாதிரித் தெரியவில்லை. என் கண் முன்னாலேயே ஒன்று அடுப்புமேடையில் நடந்து போயிற்று. அடிக்கக் கையை ஓங்கி, பிறகு விட்டுவிட்டேன். யார் எவரென்று தெரியாமல் எப்படி அடிப்பது.

ஆவணி 4, செவ்வாய்

நித்திலாவை நான் எழுப்பவே வேண்டாம். எனக்கு முந்தி எழுந்து பல் தேய்த்து, புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிறாள். சொர்ணத்தம்மாளின் பேரன் ஏழு மணிக்கும் போர்வைக்குள் கிடக்கிறான். நான் ஒன்றும் சொல்லிக்காட்டவில்லை, வாசலில் நின்று, "எங்க வீட்டுப் பிள்ளை படிக்குது, கொஞ்சம் டி.வி. சத்தத்தக் குறைங்க" என்று மட்டும் சொன்னேன்.

காலை வேளையில்தான் கொஞ்சம் இருமுகிறாள்.

ஆவணி 8, சனி

ஜெபராணி மறுபடி வந்தாள். டார்ச் அடித்துப் பார்த்து, அடுக்களையிலிருந்து ஒன்றைப் பிடித்து வந்து காட்டினாள். கன்னங்கறுப்பு. உடம்பு பெரிசு. முதுகில் றெக்கை நனைந்த காகிதம் மாதிரிச் சுருண்டு கிடந்தது.

"பாத்தியளா ஆச்சி. மருந்து பிடிச்சிருக்கு. இது பெரியாளாகப் போயி பாதியில நின்னுட்டு. இனிமே இதுக்குக் குஞ்சு கிடையாது."

நித்திலா குனிந்து பார்த்தாள். "அதுக்கு வலிக்குமாக்கா?"

"அதெல்லாம் தெரியாதும்மா. நான் கேட்டதில்ல."

பிள்ளை விடவில்லை. "வெள்ளையா ஒண்ணு இருக்குமே, அது என்ன?"

இவள் எங்கே பார்த்தாள்?

"அது அப்பத்தான் சட்டைய உரிச்ச பூச்சி. பழசைக் கழத்திட்டுப் புதுசு காயறதுக்குள்ள வெள்ளையா இருக்கும். கொஞ்ச நேரத்துல பழையபடி கறுத்துப் போவும். எங்கம்மா பாத்த?"

"பள்ளிக்கூடத்துல" என்றாள் பிள்ளை.

சட்டையைக் கழற்றிவிட்டுப் புதுசாகிறது. ஜெபராணி அதைப் பூச்சி சங்கதி என்று நினைத்துச் சொல்கிறாள். கோவிலில் கதை சொல்கிறவர்கள் ஆத்மாவுக்கு இதைத்தானே சொல்கிறார்கள்.

போகும்போது ஜெபராணி நெற்றியைச் சுருக்கிக்கொண்டு சொன்னாள்: "அடுக்களையில நல்லாக் குறைஞ்சிருக்கு. ஆனா எங்கயோ ஒரு எடத்துல இருந்து புதுசு வந்துக்கிட்டே இருக்கு. நல்ல ருசியா தீனி கிடைக்குது போல, மருந்தைச் சீண்ட மாட்டேங்கு. அந்தக் கடைசி அறைய ஒரு தரம் பாத்துருவமா ஆச்சி?"

"நான் தினம் பெருக்குத அறை. அங்க என்னத்தப் பாக்க?" என்றேன். தினம் பெருக்குகிறேன் என்பது உண்மை. கட்டிலுக்கு முன்னால் பெருக்குகிறேன். டிரங்குப் பெட்டியை நகர்த்த எனக்குத் தெம்பில்லை.

ஆவணி 22, சனி. பிள்ளையார் சதுர்த்தி

கொழுக்கட்டை. ஒன்றைத் தட்டிலும் வைத்தேன், கருப்பட்டியோடு. உமா காலையிலேயே வந்திருந்தாள். பிள்ளையின் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டாள். வெகு நேரம் காதை எடுக்கவில்லை.

"குறையல அத்தை."

"சீக்கிரம் குறையும். ஜெபராணியே சொல்லிட்டாள்லா."

"தீபாவளி வரைக்கும்னுதான் சொல்லியிருக்கேன். மறந்துராதிய."

புரட்டாசி 3, வியாழன்

மத்தியானம் கட்டிலில் சாய்ந்தவள் அயர்ந்துவிட்டேன். அவர்கள் வந்து பெட்டிமேல் உட்கார்ந்தார்கள். சட்டையைக் கழற்றினார்கள். உள்ளே இன்னொரு சட்டை. அதையும் கழற்றினார்கள், இன்னொன்று. ஒவ்வொன்று கழற்றும்போதும் ஆள் இளசாகிக்கொண்டே வருகிறார்கள். நரை போயிற்று, தொப்பை போயிற்று, என்னைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கு இருந்த மீசை வந்தது. கடைசியில் மீசையும் இல்லை. நான் பார்த்தே இராத ஒரு பையன், வெள்ளையாக, ஈரமாக உட்கார்ந்திருந்தான். என்னை யாரென்று தெரியாமல் பார்த்தான்.

விழித்தபோது வெயில் வட்டம் என் கையில் இருந்தது. அறைக்குள் பிள்ளை நிற்கிற மாதிரித் தோன்றியது. கூப்பிட்டேன். இல்லை, பள்ளிக்கூடம் போயிருக்கிறாள். ஆனால் அவளுடைய ரிப்பன் ஒன்று பெட்டிக்கு அருகே கிடந்தது. காற்றில் வந்திருக்கும்.

புரட்டாசி 13, ஞாயிறு

ஆஸ்பத்திரி.

புரட்டாசி 14, திங்கள்

நேற்று எழுதத் தெம்பில்லை. காலாண்டுப் பரீட்சை லீவு. உமாவுக்கு டூட்டி, அந்த வாரம் வரவில்லை. விடிந்து நான் எழுந்தபோது பிள்ளை படுக்கையிலும் இல்லை, புத்தகத்தின் முன்னாலும் இல்லை. கடைசி அறை திறந்து கிடந்தது. படத்துக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, முட்டியைக் கட்டிக்கொண்டு, வாயைத் திறந்து திறந்து மூடுகிறாள். சத்தமே வரவில்லை. இழுப்புச் சத்தம் கேட்டால்கூடத் தேவலை. உதடு நாவல்பழம் தின்ற மாதிரி ஆகிவிட்டது. சொர்ணத்தம்மாளின் மகன்தான் ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனான்.

மூக்கில் மூடி மாட்டிப் புகை மருந்து கொடுத்தார்கள். இன்றுதான் பேச முடிந்தது. உமா மருந்து வாங்கப் போயிருந்த சமயம்.

"ஆச்சி, நேத்து தாத்தா தட்டு என்னாச்சு?"

"அப்படியே கெடக்கும்மா. அதுக்கென்ன இப்ப?"

"அப்படியே கெடக்கா?" கண் கலங்கிவிட்டது பிள்ளைக்கு. "நீங்க அழுவியளே."

"நான் ஏன் அழப்போறேன்?"

"நான் வந்த புதுசுல அழுதியள்லா. தாத்தா வரல, தொடவே இல்லன்னு படத்துக்கிட்ட சொல்லி அழுதிய. நான் கதவுக்கிட்ட நின்னேன். மறுநா நான் போயி எடுத்துட்டேன். அன்னைக்கு எவ்ளோ சந்தோசமா இருந்திய, எனக்கு ஆப்பம் சுட்டுத் தந்திய. அதான் தினமும் எடுத்தேன்."

"தின்னியா?"

"கொஞ்சம் தின்பேன். கரப்பான் ஏறுனத மட்டும் சன்னல் வழியாப் போட்டுருவேன். நேத்து நெறையா ஏறிருந்து. ஓட்டி ஓட்டிப் பாத்தேன், மூச்சு முட்டிருச்சு."

பேசியதில் இளைப்பு வந்துவிட்டது. போதும், பேசாதே என்றேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். ஊசி குத்தின இடத்தில் பஞ்சு ஒட்டியிருந்தது.

உமா மருந்தோடு வந்தாள். என்ன பேசிக்கிட்டிருந்திய என்றாள். சும்மாதான் என்றேன்.

புரட்டாசி 16, புதன். மஹாளய அமாவாசை

நானே ஜெபராணிக்குப் போன் போட்டு வரச் சொன்னேன். கடைசி அறையைத் திறந்துவிட்டேன். அவளும் நானும் பெட்டியை நகர்த்தினோம். பின்னால் அள்ள அள்ள வருகிறது: உரித்த தோல், பட்டாணித் தொலி மாதிரி லேசாக, குவியல் குவியலாக. முட்டைக்கூடு, எச்சம். தொட்டதும் பொடிந்து எழுந்தது. கண்ணாடி ஓட்டு வெயிலில் அதுவும் மிதந்தது. பொன் மாதிரித்தான் இருந்தது.

ஜெபராணி முகமூடிக்கு மேலே கண்ணை மட்டும் திருப்பித் தட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். வேகமாக இழுக்கிற மிஷினால் எல்லாவற்றையும் உறிஞ்சி எடுத்தாள். பிறகு மருந்து வைத்தாள், மற்ற இடத்தைவிட நெருக்கமாக.

தட்டை நான் எடுத்துக் கழுவினேன். முற்றத்தில் காக்காய்க்குச் சோறு வைத்தேன். வந்து தின்றது. பருக்கை மிச்சமில்லாமல் பார்த்துக் கூட்டிவிட்டுத்தான் உள்ளே வந்தேன்.

படுக்கப் போகும்போது கை தானாகக் கருப்பட்டி டப்பாவுக்குப் போயிற்று. மூடிவிட்டேன்.

புரட்டாசி 19, சனி

ஆஸ்பத்திரியிலிருந்தே உமா பிள்ளையைக் கோவில்பட்டிக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். தீபாவளி முடிந்ததும் டி.சி. வாங்கிவிடுவாளாம். "பழைய வீடு அத்தை. நீங்களும் எவ்வளவுதான் பாப்பிய. உங்க மேல குத்தமில்ல" என்றாள்.

குற்றமில்லை என்று அவள் சொன்னதைக் கேட்டுக்கொண்டு நின்றேன்.

ஐப்பசி 3, ஞாயிறு

நாள் தப்பு. இன்று 2, சனி. வீட்டில் கிழமை தெரிவதில்லை. சனிக்கிழமைக்கு உமா வருவாள், திங்கள்கிழமைக்கு யூனிபார்ம் தேய்க்க வேண்டும், அதை வைத்துத்தான் கிழமை. இப்போது ஒரே நாளாக இருக்கிறது.

மழை பிடித்துக்கொண்டது. ஓட்டில் மழைச் சத்தம் கேட்டபடி தரையில் கிடக்கிறேன். சுருண்ட றெக்கையோடு ஒரு கரப்பான் பகலிலேயே வெளியே வந்தது. ஓடத் தெரியவில்லை, ஒளியத் தெரியவில்லை. கூடத்தின் நடுவில் வந்து நின்று மீசையை ஆட்டியது. போகிற இடம் மறந்துபோன கிழவி மாதிரி. அதுவும் நானும் கொஞ்ச நேரம் இருந்தோம். பிறகு முறத்தில் தள்ளி வெளியே போட்டேன்.

கடைசி அறையில் ஒரு சத்தமும் இல்லை. மூன்று வருஷமாக அங்கே ஏதோ ஒரு சரசரப்பு இருந்துகொண்டே இருந்தது என்பது, நின்ற பிறகுதான் தெரிகிறது. எனக்கு அது துணையாக இருந்தது. அதற்குப் பிள்ளை தன் மூச்சைக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

ஐப்பசி 7, வியாழன்

போனில் நித்திலா. அங்கே பக்கத்து வீட்டில் நாய்க்குட்டி இருக்கிறதாம். இழுப்பு இல்லையாம். "ஆச்சி, தாத்தா வாராகளா?" என்று ரகசியமாகக் கேட்டாள்.

"இல்லம்மா. அவுகளுக்கு ஒண்ணும் வேண்டாமாம்."

"நீங்க அழுதியளா?"

"வெங்காயம் அரிஞ்சேன்."

ஐப்பசி 9, சனி

உமா பிள்ளையின் துணிமணியையும் புத்தகத்தையும் எடுத்துப் போக வந்தாள். பையை விரித்து மடித்து அடுக்க ஆரம்பித்தாள். பாவாடை, சட்டை, சாக்ஸ். ஒவ்வொன்றாக அலமாரியிலிருந்து போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வாயைத் திறக்காமல் இருந்தால் இவளுக்கு நான் சுத்தக்காரி அத்தையாகவே இருப்பேன். பழைய வீட்டின் மேல் பழி. பிள்ளையும் சொல்ல மாட்டாள். அவள் என்னை மாதிரி, வாய் இறுக்கம்.

"உமா, அதை வச்சிட்டு இங்க வா" என்றேன்.

கடைசி அறையைத் திறந்தேன். பெட்டியைச் சுவரோரத்திலிருந்து தள்ளிப் போட்டிருந்தேன். தேய்த்துக் கழுவின தரையில் மருந்துப் பொட்டு மட்டும் இருந்தது.

"வீடு பழசாப் போனதால இல்ல. நான்தான். மூணு வருசமா உங்க மாமாவுக்கு இங்க கருப்பட்டி வச்சேன். அதைத் தின்னுதான் அத்தனையும் பெருகிருக்கு. ஜெபராணி கேட்டா, உள்ள விடல. காலையில தட்டு காலியா இருக்கவும் அவுக வந்து தின்னுட்டுப் போறாகன்னு இருந்தேன். தின்னது உன் மக. நான் அழக்கூடாதுன்னு, இதுக்குள்ள வந்து வந்து தின்னிருக்கா."

சொல்லி முடித்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தேன். உமா படத்தைப் பார்த்தபடி நின்றாள். திட்டுவாள் என்று இருந்தேன். திட்டினால் வாங்கிக்கொள்ளலாம். பிள்ளை உதடு கறுத்துக் கிடந்ததை அவளும்தான் வந்து பார்த்தாள்.

"கருப்பட்டியா வச்சிய?" என்றாள்.

"ஆமா."

"மாமாவுக்குக் கருப்பட்டியே ஆகாதே அத்தை. காப்பியில போட்டா எங்கிட்ட ரகசியமாத் தந்து கொட்டச் சொல்லுவாக. ஆவுடைகிட்ட சொல்லிராதம்மா, சங்கடப்படுவாம்பாக."

நாற்பத்தைந்து வருஷம் கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடுத்தேன். நல்லா இருக்கு நல்லா இருக்கு என்று குடித்த மனுஷன்.

"அப்ப எப்படி வருவாக" என்றேன். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவளுக்கு அழுகை வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்து தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். நர்ஸ் வேலைக்குப் போனதிலிருந்து அவள் அழுது நான் பார்த்ததில்லை.

"பிள்ளைய அன்னைக்குப் பாத்ததும் போயிட்டான்னுதான் நெனச்சேன் அத்தை."

"நானுந்தான்."

மூக்கை உறிஞ்சிவிட்டு எழுந்து, டார்ச்சை வாங்கிக் கட்டிலுக்கு அடியில், பெட்டிக்குப் பின்னால், அடுக்களை இடுக்கு, எல்லாம் தரையில் படுத்துப் பார்த்தாள். பழையபடி நர்ஸ் ஆகிவிட்டாள்.

"தீபாவளிக்குக் கூட்டிட்டு வாரேன். அதுக்கப்புறமும் இங்கதான் வச்சிப் பாப்போம். ஒரு மாசம். இழுப்பு வந்துச்சுன்னா அன்னைக்கே கூட்டிட்டுப் போயிருவேன், அப்ப நீங்க பேசக் கூடாது."

"பேச மாட்டேன்."

பையிலிருந்து துணியை எடுத்து அவளே அலமாரியில் திருப்பி வைத்தாள்.

ஐப்பசி 14, வியாழன். தீபாவளி

நல்ல மழை. தெருவில் ஒரு வெடியும் வெடிக்கவில்லை, நனைந்த சரத்தைக் கையில் வைத்துக்கொண்டு பையன்கள் மழையைத் திட்டினார்கள். எனக்கு மழையை எடுத்து மடியில் வைத்துக் கொஞ்சலாம் போல இருந்தது. புகையில்லை.

படத்துக்கு முன்னால் இலை போட்டு, பகலிலேயே வைத்துக் கும்பிட்டு, உடனே எடுத்து மூன்று பேரும் தின்றோம். நித்திலா விரலை நக்கிவிட்டு, "தாத்தா பங்கு யாருக்கு?" என்றாள்.

"நமக்குத்தான்" என்றாள் உமா.

ஐப்பசி 24, ஞாயிறு

இருமல் இல்லை.

ஐப்பசி 28, வியாழன்

ஜெபராணி வந்து வீடு முழுக்க டார்ச் அடித்தாள். அடுக்களையில் றெக்கை சுருண்ட கிழடு ஒன்று. வேறில்லை. பிரிட்ஜுக்குப் பின்னால் மட்டும் மருந்தைப் புதுப்பித்தாள். "இனிமே பல்லிதான் பட்டினி" என்று சொல்லிவிட்டு, அந்தப் பல்லியையே பார்த்துக்கொண்டு பின்னோக்கி நடந்து வெளியே போனாள்.

பிள்ளை கடைசி அறையில்தான் படுப்பேன் என்கிறாள். கட்டிலைச் சன்னலோரம் போட்டுக் கொடுத்தேன். மத்தியானம் வெயில் வட்டம் வரும்போது அதற்குள் புத்தகத்தை வைத்துப் படிக்கிறாள். வட்டம் நகர நகர, புத்தகத்தையும் நகர்த்திக்கொண்டே போகிறாள். தூசி தெரிகிறதா என்று நானும் உற்று உற்றுப் பார்க்கிறேன். ஒன்றிரண்டு தெரிகிறது. அது எந்த வீட்டிலும் இருக்கும்.

கார்த்திகை 3, திங்கள்

காலையில் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்பும்போது பார்த்தால் யூனிபார்ம் பாவாடை முட்டிக்கு மேலே ஏறிக் கிடக்கிறது. ஆனியில் தைத்தது. டீச்சர் திட்டுவார் ஆச்சி, இழுத்துவிடுங்க என்கிறாள். இழுத்தால் வருமா.

"ஏட்டி, சுவத்தோரமா நில்லு" என்று நிறுத்தி, தலையில் கை வைத்துப் பார்த்தேன். என் தோளுக்கு வந்துவிட்டாள். இத்தனை இழுப்புக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவில் எந்த நேரத்தில் வளர்ந்தாளோ, ஒருத்தருக்கும் தெரியவில்லை.

கழற்றி வாங்கிக்கொண்டு வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்து, பிளேடால் கீழ் மடிப்பைப் பிரித்தேன். அவள் பெட்டிக்கோட்டோடு பக்கத்தில் குத்தவைத்து, வாய்பாட்டைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரே மூச்சில் பன்னிரண்டாம் வாய்பாடு முழுவதும். மேலே துணி துவைத்துத் துவைத்து வெளுத்திருந்தது. உள்ளே மடிந்திருந்த பட்டை மட்டும் இதுவரை வெயில் படாத நீலமாக இருந்தது.